காந்தம் பற்றிய பத்தி

சுங்கை ஆயர் தாவார்
9 ஜூன் 2025

அன்பரசிக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். அதில் எனக்கு வருத்தமில்லை. அன்று உன் வாடகை அறை வாசலில் நின்று நான் கத்தியதைப் பாதி செரண்டா ஊரே கேட்டிருக்கும். பிளாக் செய்யாவிட்டாலும் போனில் பேச மாட்டேன். உன் போன் கம்பெனி கொடுத்தது. அதில் வருவதையெல்லாம் டத்தோ படிக்கிறான் என்று கலாவதி சொல்கிறாள். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

எண்ணெய்ப் பெட்டி அடுக்கும் லைனில் அந்த ஏஐ-க்கு, பட்டம் வாங்கிய பெரிய மனுசன் மாதிரி டத்தோ என்று பேர் வைத்ததே நான்தான். ஆளைப் பார்க்க முடியாது, உத்தரவு மட்டும் மேலிருந்து வரும். எல்லாரும் சிரித்தோம். உன் அண்ணி பிரேமலாதான் அதிகம் சிரித்தாள்.

பிரேமலாவின் வலது கையில் இப்போது கட்டைவிரல் மட்டும் இருக்கிறது. உனக்கே தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்தாய், வார்டுக்கு வெளியே நின்றுவிட்டுப் போய்விட்டாய். நாங்கள் இப்போது அவள் அம்மா வீட்டில் இருக்கிறோம். நான் சம்பளமில்லாத லீவில் இருக்கிறேன். அவளுக்குச் சோறு பிசைந்து கொடுக்கிறேன், பின்னல் போடுகிறேன். பின்னல் கோணலாக வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி ஒரு தாள் அனுப்பியிருக்கிறது. மலாய் மொழியில் ஒரே பக்கம். ரோபோவைச் சுற்றியுள்ள கேட்டின் சுவிட்சில் காந்தத்தை என் சொந்த விருப்பத்தில் வைத்தேன், மேலதிகாரிகள் யாருக்கும் இது தெரியாது என்று பிரேமலா கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் கருணை காட்டுவார்களாம். போடாவிட்டால் பாதுகாப்பு விதியை மீறியதற்காக வேலை நீக்கம். கலாவதியோடு சேர்த்து லைனில் இருக்கும் மற்ற ஐந்து பெண்களுக்கும் அதே கதிதான். தொழிலாளர் இலாகா விசாரணை ஜூலை 15.

பிரேமலா கையெழுத்துப் போடவில்லை. "யாருக்கும் தெரியாதுன்னு எப்படிப் போடுறது? ஒவ்வொரு ஷிப்டும் பாத்துக்கிட்டேதானே போனாங்க" என்றாள். ஆனால் அதற்குச் சாட்சி வேண்டும். மற்ற பெண்களிடம் வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டார்கள்.

சாட்சி உன்னிடம் இருக்கிறது. டத்தோவுக்காக நீ எழுதிய குறிப்பின் முதல் பிரதியில் காந்தம் பற்றி ஒரு பத்தி இருந்தது. என் கண்ணால் படித்தேன். பிறகு மேனேஜர் திருச்செல்வம் எடுக்கச் சொன்னார், நீ எடுத்துவிட்டாய். அந்தப் பழைய பிரதி எனக்கு வேண்டும்.

லோகேஸ்வரன்


செரண்டா
14 ஜூன் 2025

அண்ணே,

கடிதம் கிடைத்தது. கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் திறக்க ஒரு நாள் ஆனது.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று வாசலில் நின்று கேட்டாயே, அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அன்று சொல்ல விடவில்லை.

அந்த ரோபோவை நான் செய்யவில்லை. டத்தோவையும் நான் செய்யவில்லை. ரோபோவின் கை, பிடி, பெல்ட், கேட் ஒவ்வொன்றையும் இயக்கத் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. மொத்தம் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றும் என்ன செய்யும், எப்போது அழைக்கலாம், எப்போது கூடாது என்று எழுதுவதுதான் என் வேலை. அந்த ஏஐ லைனைப் பார்ப்பதில்லை. நான் எழுதியதைப் படித்து, சென்சார் சொல்வதோடு ஒப்பிட்டு, எந்தக் கட்டளை என்று தேர்ந்தெடுக்கிறது. மனுசன் படிக்கிற கையேட்டில் நாலு வரி விட்டுப்போனாலும் அவன் பக்கத்து ஆளைக் கேட்பான். இது யாரையும் கேட்காது.

நின்ற கையை மறுபடி ஓடவிடும் ரீசெட் கட்டளைக்கு நான் எழுதியது தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "ரோபோவின் கை நிறுத்தப்பட்டிருந்து, கேட் மூடியிருந்து, தடை நீங்கியிருந்தால் இதை அழைக்கலாம்." மே 21 காலை பத்தே முக்காலுக்கு அந்த மூன்றும் சரியாக இருந்தன. காந்தம் ஒட்டியிருந்ததால் கேட் மூடியிருப்பதாகச் சுவிட்சு சொன்னது. அண்ணி சிக்கிய பெட்டியை இழுத்ததும் தடை நீங்கியது. அவர் கை இன்னும் உள்ளே இருந்தது. அந்த ஏஐ ரீசெட்டை அழைத்தது. பதிவைப் பார்த்தேன். இடைவெளி ஒரு வினாடிகூட இல்லை.

நீ கேட்கும் பிரதியைத் தர முடியாது. அலுவலகத் தாள் எதையும் வெளியே கொண்டுபோவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேலை போவதோடு நிற்காது, கேஸ் போடுவார்கள். நம் வீட்டில் படித்து மேசை வேலைக்கு வந்தது நான் ஒருத்திதான் என்று நீயே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

இன்னொன்று. திருச்செல்வம் என்னைப் புதுப் பிரதி எழுதச் சொல்லியிருக்கிறார். "கேட் மூடியிருந்தாலும் டெக்னீஷியன் உறுதிசெய்ய வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டுமாம். தேதியை மார்ச் மாதம் என்று போட வேண்டுமாம். இன்னும் போடவில்லை.

அண்ணிக்கு வலி எப்படி இருக்கிறது?

அன்பரசி


சுங்கை ஆயர் தாவார்
19 ஜூன் 2025

அன்பரசிக்கு,

வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாய். இல்லாத விரல் அரிக்கிறது என்கிறாள். எங்கே சொறிவது என்று நான் கேட்டேன். சிரிப்பாள் என்று நினைத்துக் கேட்டேன்.

மூன்றும் சரியாக இருந்தன என்று கணக்குப் பாடம் மாதிரி எழுதியிருக்கிறாய். அந்த மூன்றோடு நாலாவது ஒன்று உண்டு. அதை உனக்குச் சொல்லித் தந்தவன் நான். மூன்று மாதம் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் உனக்குக் கொடுத்தேன். பெட்டி சிக்கினால் கேட்டைத் திறக்கக் கூடாது, திறந்தால் மொத்த லைனும் நின்றுபோய் மறுபடி கிளம்பப் பதினொரு நிமிடம் ஆகும், எத்தனை முறை நின்றது என்று சுவரில் உள்ள திரையில் சிவப்பில் வரும், ஷிப்டு முடிந்ததும் சூப்பர்வைசர் அதைத்தான் கேட்பார். அதனால்தான் காந்தம்; அது ஒட்டியிருந்தால் கேட் விலகினாலும் மூடியிருப்பதாகவே சுவிட்சு சொல்லும். ரோபோவின் கையை நிறுத்திவிட்டுப் பெண்கள் கேட்டை லேசாக விலக்கி, அதன் பக்கவாட்டுச் சந்து வழியே கை விட்டு இழுப்பார்கள். அதன் பிறகு பேனலில் நிற்கிறவன் ரீசெட்டைத் தொடும் முன் ஸ்பேனரால் இரும்புத் தூணில் இரண்டு தட்டுத் தட்டி, "உள்ள யாரு?" என்று கேட்பான். "யாருமில்ல" என்று பெண் குரல் வந்தால்தான் தொடுவான். ஆறு வருஷமாக அப்படித்தான் ஓடியது. ஒருத்திக்குக்கூட நகம் கீறவில்லை.

தட்டுவதையும் பதில் வருவதையும் நீ உன் நோட்டில் எழுதிக்கொண்டாய். பிறகு அதைக் காணோம்.

மே 14-ஆம் தேதி என்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள். பேனலுக்கு இனி ஆள் வேண்டாம், டத்தோ பார்த்துக்கொள்வான் என்றார் திருச்செல்வம். அவரும் நம்மைப்போல் எஸ்டேட் பிள்ளைதான். கூட்டத்துக்குக் கூட்டம் அதைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார். நான் கிடங்கில் பலகை எண்ணிக்கொண்டிருந்தேன். பிரேமலா கத்தியது எனக்குக் கேட்கவில்லை. கலாவதி ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் கையுறை சிவப்பாக இருந்ததைப் பார்த்து அவளுக்குத்தான் அடிபட்டது என்று நினைத்தேன்.

தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்து கிராணி கணக்கு எழுதுவான், நம் ஆட்கள் கீழே கைநாட்டு வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இப்போது நம் வீட்டிலேயே ஒரு கிராணி. மேலே இருப்பவன் எடு என்றால் எடுக்கிறாய், தேதியை மாற்று என்றால் யோசிக்கிறாய். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

திருச்செல்வம் சொல்லித்தான் எடுத்தாய் என்று ஒரு தாளில் எழுதிக் கொடு. அது போதும். பிரதிகூட வேண்டாம்.

லோகேஸ்வரன்


செரண்டா
23 ஜூன் 2025

அண்ணே,

நீ கேட்டதை எழுதிக் கொடுக்க முடியாது. அது நடக்கவில்லை.

நீ மறந்துவிட்டாயா, மறந்த மாதிரி எழுதுகிறாயா என்று இரண்டு நாளாக யோசித்தேன். மறந்துதான் போயிருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் பிரதியில் அந்தப் பத்தி இருந்தது. காந்தம் ஒட்டியிருந்தால் கேட் சுவிட்சு பொய் சொல்லும், அதன் பதிலை மட்டும் நம்பி ரீசெட்டை அழைக்கக் கூடாது, ஆள் தட்டிக் கேட்டு பதில் வாங்கி உறுதிசெய்த பிறகே அழைக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். மார்ச் 10-ஆம் தேதி திருச்செல்வத்துக்கு அனுப்பினேன். 12-ஆம் தேதி பத்தியின் ஓரத்தில் அவர் குறிப்புப் போட்டார்: "காந்தம் பற்றிய பத்தி வேண்டாம். அது நம்மிடம் இல்லாத பிரச்சினை." நான் அதற்குக் கீழேயே, "இது இல்லாமல் ரீசெட்டைத் தானியங்கியாக விடுவது ஆபத்து" என்று எழுதினேன். அவர் பதில் போடவில்லை. நானும் எடுக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதுவதாக இருந்தேன். கடிதம்கூடப் பாதி எழுதி வைத்திருந்தேன்.

16-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீ என் அறைக்கு வந்தாய். அண்ணி கொடுத்தனுப்பிய மிளகாய்ச் சம்பாலை மேசையில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து என் கணினியில் முழுவதையும் படித்தாய். நான் வாயால சொன்னதெல்லாம் இங்கிலீஷ்ல எவ்ளோ எடுப்பா இருக்கு என்றாய். அப்புறம் அந்தப் பத்திக்கு வந்ததும் நிறுத்திவிட்டாய்.

நீ சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "இதை எடுத்துடு லா, அன்பு. சேப்டி ஆடிட்டர் கண்ணுல பட்டா முதல்ல வார்னிங் லெட்டர் போறது உங்க அண்ணிக்குத்தான். அப்புறம் அந்த அஞ்சு பேருக்கு."

எடுத்தால் உள்ளே கை இருப்பது அந்த ஏஐ-க்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நான்தான் பக்கத்துல நிக்கிறேனே" என்றாய்.

மேனேஜர் சொல்லி நான் அசையவில்லை. நீ சொல்லி அசைந்தேன். திங்கட்கிழமை காலை எடுத்தேன். நீ அங்கே நிற்பாய் என்று நம்பினேன். உன்னை மாற்றியது எனக்கு மே 14 அன்றே தெரியும். அன்று ஓடிப்போய் அந்தப் பத்தியைத் திருப்பிப் போட்டிருக்க வேண்டும். வேறு பிரதிக்குக் கெடு இருந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று விட்டேன். அதற்குள் புதன்கிழமை வந்துவிட்டது. அதனால்தான் வார்டுக்குள் வர முடியவில்லை. உன்னைக் குற்றம் சொல்லி என் பங்கைக் கழித்துக்கொள்ள இதை எழுதவில்லை.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். எந்த வரியை எடுத்தாலும் ஏன் எடுத்தோம் என்று பதிவு செய்ய வேண்டும், அது எங்கள் வேலை முறை. பத்தி, அவர் குறிப்பு, என் பதில், நீக்கிய காரணம் எல்லாம் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. கடைசி வரியில் நான் எழுதியிருப்பது: "லைன் டெக்னீஷியன் லோகேஸ்வரன் கேட்டுக்கொண்டபடி நீக்கப்பட்டது."

கம்பெனிக்குத் தெரியும் என்பதற்கு அந்தப் பக்கம் சாட்சி. நம் இருவருக்கும் தெரியும் என்பதற்கும் அதுவேதான் சாட்சி.

அண்ணிக்கு இது தெரியுமா?

அன்பு


சுங்கை ஆயர் தாவார்
28 ஜூன் 2025

அன்பு,

தெரியாது.

நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் உன் வாசலில் வந்து அவ்வளவு சத்தமாகக் கத்தியிருக்க மாட்டேன்.

ஆடிட்டர் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சூப்பர்வைசரைத் தொட மாட்டான், சுவரில் இருக்கிற திரையைத் தொட மாட்டான், காந்தத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஆறு பெண்களுக்குக் கடிதம் கொடுப்பான். பக்கத்து லைனில் நடந்ததுதான். நேப்பாளத்துப் பையன் இரண்டு பேரை அப்படித்தான் ஊருக்கு அனுப்பினார்கள். அதற்குப் பயந்துதான் சொன்னேன். என் இடத்தில் இருந்தால் நீயும் சொல்லியிருப்பாய்.

அவள் இப்போது இடது கையால் எழுதிப் பழகுகிறாள். பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் முழுக்கத் தன் பேரையே எழுதுகிறாள். விசாரணையில் கையெழுத்துக் கேட்டால் கைநாட்டு வைக்க மாட்டாளாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பிடித்துக்கொள்கிறேன். அவள் கம்பெனியைத் திட்டுகிறாள், திருச்செல்வத்தைத் திட்டுகிறாள், சில நேரம் உன்னைத் திட்டுகிறாள். நான் தலையாட்டுகிறேன். நான் ஒருவன்தான் அவள் பக்கம் நிற்கிறேன் என்று அவள் அம்மாவிடம் சொல்கிறாள்.

அந்தப் பக்கத்தை அனுப்பு. ஆனால் கடைசி வரி வேண்டாம். பத்தியும் திருச்செல்வத்தின் குறிப்பும் உன் பதிலும் இருந்தால் போதும். கேஸுக்கு அதுதானே முக்கியம். என் பேர் இருந்தால் அவர்களுக்குத்தான் லாபம், புருஷனே மறைக்கச் சொல்லியிருக்கிறான் என்று வக்கீல் எழுந்து நின்று பேசுவான். நீ எழுதுகிற ஆள். ஒரு வரியை எடுப்பது உனக்குப் பெரிய காரியமா?

அண்ணன்


செரண்டா
4 ஜூலை 2025

அண்ணே,

முழுப் பக்கத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். எதையும் எடுக்கவில்லை.

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்தேன். மார்ச்சில் என் கட்டிலில் உட்கார்ந்து நீ கேட்டதும் அதேதான். அதே குரலில் கேட்டது. வக்கீல் பேசுவான் என்பது உண்மைதான். பேசட்டும். அந்த வரியை எடுத்துவிட்டுக் கொடுத்தால், அசல் பதிவு கம்பெனியிடம் இருக்கிறது, அவர்கள் எடுத்து மேசையில் போடுவார்கள். அண்ணி உன் பேரை அங்கே, அத்தனை பேர் முன்னால் கேட்பார். அதைவிட உன் வாயால் கேட்கட்டும்.

செவ்வாய்க்கிழமை மதியம் அலுவலகத்திலேயே அச்செடுத்தேன். இரண்டு பிரதி. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். புதன்கிழமை லீவு போட்டுவிட்டு விசாரணை அதிகாரியின் கையில் ஒன்றைக் கொடுத்தேன். ரசீது கேட்டு வாங்கினேன். தேதியை மாற்றச் சொன்னதையும் எழுதிக் கொடுத்தேன். அவர் என் பேரைக் கேட்டு, இந்த லோகேஸ்வரன் யார் என்றார். அண்ணன் என்றேன். பிரேமலா என்றார். அண்ணி என்றேன். பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

நேற்றுக் காலை கம்பெனி வாசல் கேட்டில் என் கார்டு வேலை செய்யவில்லை. காவலாளி இரண்டு முறை துடைத்துப் பார்த்தார். அப்புறம் உள்ளேயிருந்து என் பொருள்கள் ஒரு எண்ணெய்ப் பெட்டியில் வந்தன. நம் லைனில் அடுக்குகிற அதே பெட்டி. திருச்செல்வம் சாயந்திரம் கூப்பிட்டார். நம்ம ஆளுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்ததற்கு இதுதான் கைம்மாறா என்றார். எந்த நம்ம ஆள் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

லைன் திங்கட்கிழமையே ஓட ஆரம்பித்துவிட்டதாம். பெண்கள் கிடையாது. பக்கவாட்டுச் சந்துக்குத் தகடு போட்டு அடைத்துவிட்டார்கள். பெட்டி சிக்கினால் கேட்டைத் திறந்துதான் எடுக்கிறார்கள், பதினொரு நிமிடம் நிற்கிறது, யாரும் ஒன்றும் கேட்பதில்லையாம். ஆறு வருஷமாக இதைச் செய்திருக்கலாம்.

15-ஆம் தேதிக்கு முன் அண்ணியிடம் சொல்லிவிடு. நீ சொல்லவில்லை என்றால் நான் வந்து சொல்வேன்.

அன்பு


சுங்கை ஆயர் தாவார்
10 ஜூலை 2025

அன்பு,

திங்கட்கிழமை காலை சொன்னேன்.

பின்வாசலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். தங்கச்சி அனுப்பியிருக்கிறாள் என்று சொல்லி அந்தப் பக்கத்தை எடுத்தேன். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பத்தியைச் சொன்னேன். தட்டிக் கேட்பதை நீ எழுதியிருந்த விதத்தைக் கேட்டு, சரியாத்தானே எழுதியிருக்கா என்றாள். திருச்செல்வத்தின் குறிப்பைச் சொன்னேன். காறித் துப்பினாள். நீ அவருக்கு எழுதிய பதிலைச் சொன்னேன். அதோடு தாளை மடித்துவிட்டேன். மடிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, கை தானாக மடித்தது.

"அடியில ஒரு வரி இருக்கே" என்றாள். "அதுல உன் பேரு தெரியுது."

பதினொரு வருஷத்தில் அவள் என்னை நீ என்று சொன்னதில்லை.

படித்தேன். ஏன் என்று கேட்டாள். உன் வேலை போய்விடும் என்றுதான் சொன்னேன் என்றேன். "வேலை போயிருந்தா வேற வேலைக்குப் போயிருப்பேன்" என்றாள். அவ்வளவுதான். கத்துவாள் என்று காத்திருந்தேன். மறுபடி தாளில் பேர் எழுத ஆரம்பித்தாள். தாளைப் பிடிக்கப் போனேன். முழங்கையால் என் கையைத் தள்ளிவிட்டு, வலது மணிக்கட்டால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று நாள் அவள் அம்மா ஊட்டிவிட்டார். நான் வெளியில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று மதியம் கூப்பிட்டாள். கம்பெனி அனுப்பிய தாளில் கையெழுத்துப் போடப் போவதில்லையாம். தன் வாக்குமூலத்தைத் தானே கொடுக்கப் போகிறாளாம். காந்தத்தை யார் முதலில் கொண்டுவந்தார்கள், எந்த சூப்பர்வைசர் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார், திருச்செல்வம், நான், நீ எல்லாம் அதில் வருமாம். இடது கையால் அவ்வளவு எழுத வராது. அதனால் உன்னிடம் இதை அப்படியே சொல்லச் சொன்னாள்:

"அவள வரச் சொல்லு. நான் சொல்லச் சொல்ல எழுதட்டும். இது இவனுக்கு ஆபத்து, அது அவளுக்கு ஆபத்துன்னு ஒரு வார்த்தை விடக் கூடாது. முடிச்சதும் எனக்குப் படிச்சுக் காட்டணும். மடிக்காம."

உன் மேல் கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்றாள்.

சனிக்கிழமை வா. காலையிலேயே வந்துவிடு, நிறைய இருக்கும். தபாலில் போட்டால் இந்தக் கடிதம் அதற்குள் வராது, அதனால் கலாவதியின் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் அன்று வீட்டில் இருக்க மாட்டேன். இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

லோகேஸ்வரன்